3டிஓ சிடிகளை இன்றைய கம்ப்யூட்டரில் ஓட்டுவது எப்படி

3டிஓ என்ற பழைய கேம் பெட்டியை எமுலேட் செய்ய, அதாவது கம்ப்யூட்டரை அதுபோலவே நடந்துகொள்ள வைக்க, வேகமான கம்ப்யூட்டர் தேவையில்லை. 1993இல் பானசோனிக் எஃப்இசட்-1 என்ற பெயரில் வந்த அந்தப் பெட்டியில் இருந்தது 12.5 மெகாஹெர்ட்ஸ் ஏஆர்எம் சிப்பும் 3 எம்பி மெமரியும்தான். சிக்கல் வருவது பெரும்பாலும் சிடி இமேஜிலும் (சிடியின் முழு நகலான ஃபைல்) பயாஸ் ஃபைலிலும்தான் (பெட்டியைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்). நம் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 1994இல் விற்ற 3டிஓ பிளாஸ்டர் கார்டில் ஓடியதும் இதே சிடிகள்தான். அந்தக் கார்டைச் செருகும் ஐஎஸ்ஏ ஸ்லாட் இன்றைய மதர்போர்டுகளில் இல்லை, அதனால் கார்டு கையில் இருந்தாலும் எமுலேட்டர்தான் வழி.

சிடியைப் படிக்க, சிம் லிம் ஸ்குவேர் கடைகளில் கிடைக்கும் சாதாரண யுஎஸ்பி டிவிடி டிரைவ் போதும். அதை ஹப் வழியாக இணைக்காமல் கம்ப்யூட்டரிலேயே நேராகச் செருகுங்கள். சிடி சுழலத் தொடங்கும்போது ஹப் தரும் மின்சாரம் பற்றாமல் டிரைவ் பாதியில் நின்றுவிடும், நாம் சிடி கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். சிடியைத் துடைப்பதானால் மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்காதீர்கள். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். ஊசிமுனை அளவில் ஒளி ஊடுருவினால் பூச்சு உரிந்திருக்கிறது, அதைத் துடைத்துச் சரிசெய்ய முடியாது.

சிடியைப் போட்டதும் விண்டோஸ் அதைத் திறக்க மறுக்கும். பயப்பட வேண்டாம். 3டிஓ தனக்கென்று ஒரு ஃபைல் அமைப்பை வைத்திருக்கிறது, விண்டோஸுக்கு அது புரியாது. ஃபார்மட் செய்யவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, இம்க்பர்ன் மென்பொருளில் ரீட் பகுதிக்குப் போய் வேகத்தை 8எக்ஸ் அளவுக்குக் குறைத்து இமேஜ் எடுங்கள். ஒரே டேட்டா டிராக் இருந்தால் ஐஎஸ்ஓ வரும், ஆடியோ டிராக்கும் இருந்தால் பின், க்யூ என்று இரண்டு ஃபைல் வரும். பின் ஃபைலின் பெயரை மாற்றினால் க்யூ ஃபைலை நோட்பேடில் திறந்து அங்கேயும் மாற்றவேண்டும், இல்லையென்றால் கேம் திறக்காது.

இமேஜ் சரியா என்று சோதிக்க ஃபைலை பைட் பைட்டாகக் காட்டும் ஒரு ஹெக்ஸ் எடிட்டரில் அதைத் திறங்கள். ஐஎஸ்ஓவின் முதல் பைட் 01, அடுத்த ஐந்தும் இசட் என்ற எழுத்து, பிறகு மறுபடி 01. பின் ஃபைலில் இதே வரிசை 16 பைட் தள்ளி வரும். ஐந்து இசட்டும் இல்லையென்றால் உங்களிடம் இருப்பது 3டிஓ சிடி அல்ல, அல்லது இமேஜ் தொடக்கத்திலேயே பிழை.

இனி ரெட்ரோஆர்ச் என்ற எமுலேட்டர் மென்பொருள். அதில் 3டிஓவுக்கான ஓபெரா என்ற கோரை (எமுலேட் செய்யும் பகுதி) இறக்கிக்கொள்ளுங்கள். பயாஸ் அதோடு சேர்ந்து வராது. அது உற்பத்தியாளரின் காப்புரிமைக்கு உட்பட்டது, பெட்டி நம்மிடம் இருப்பதாலேயே நெட்டில் கிடைப்பதை இறக்க அனுமதி வந்துவிடாது. பானசோனிக்கின் இன்னொரு 3டிஓ பெட்டியான எஃப்இசட்-10இன் பயாஸ் இருந்தால் ஃபைல் பெயர் 'பானா' என்ற நான்கு ஆங்கில எழுத்தில் தொடங்கி, இடைவெளியின்றி எஃப், இசட், 10 என்று போய், பின் என்ற நீட்சியில் முடியவேண்டும். எல்லாம் சிறிய எழுத்து. லினக்ஸில் ஒரு பெரிய எழுத்து இருந்தாலும் கோர் கண்டுகொள்ளாது. அளவு மிகச் சரியாக 10,48,576 பைட். சிஸ்டம் ஃபோல்டரில் போட்டுவிட்டு கோர் தகவல் பக்கத்தில் பயாஸ் இருப்பதாகக் காட்டுகிறதா என்று பாருங்கள்.

கோர் அமைப்புகளில் நான்கைந்தைத் தொட்டால் போதும். நம் வீட்டு டிவிகள் 'பால்' என்ற 50 ஹெர்ட்ஸ் ஒளிபரப்பு முறையில் இருந்தவை என்பதற்காக ரீஜனை மாற்றவேண்டாம். அமெரிக்க, ஜப்பானிய சிடிகள் 60 ஹெர்ட்ஸுக்கு எழுதப்பட்டவை, அந்த 60 ஹெர்ட்ஸ் முறையான என்டிஎஸ்சியிலேயே விடுங்கள். சிபியு வேகத்தைக் கூட்டினால் டூம் போல இழுத்துக்கொண்டு ஓடும் கேம்கள் நன்றாகத் தெளியும், ஆனால் வேறு சில கேம்களில் வீடியோவும் ஒலியும் பிசகும். ஆகவே கேம் வாரியாக மட்டும் மாற்றி, அந்த கேமுக்கே சேமித்துவையுங்கள். கிராஷ் அண்ட் பர்ன், அலோன் இன் த டார்க் போன்ற சிலவற்றுக்குத் தனித்தனி டைமிங் ஹேக் அங்கேயே இருக்கிறது. அவற்றை மற்ற கேம்களுக்குப் போடாதீர்கள்.

பட்டன் அழுத்தியும் கேம் அசையவில்லையா? இணைந்திருக்கும் கன்ட்ரோலர் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள். அசல் பெட்டியில் ஒரே ஒரு சொருகிடம்தான், அடுத்த கன்ட்ரோலரை முதல் கன்ட்ரோலரில் செருகவேண்டும். ஒன்றுக்கு மேல் இருப்பதாகத் தெரிந்தால் சில கேம்கள் முதல் ஆளையே கவனிக்காது.

சேவ் விஷயத்தில் மட்டும் யோசித்து முடிவெடுக்கவேண்டும். பெட்டியின் சேவ் மெமரி வெறும் 32 கேபி. எல்லா கேமுக்கும் பொதுவாக வைத்தால் சீக்கிரம் நிரம்பிவிடும், கேமுக்கு ஒன்றாக வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் இரண்டு சிடி உள்ள கேமில் இரண்டாம் சிடியைக் கோர் வேறு கேமாக எடுத்துக்கொண்டு, முதல் சிடியின் சேவைக் காணோம் என்று சொல்லும். அந்த கேம்களுக்கு மட்டும் தொடங்கும்போதே பொது மெமரிக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.