ஐரோப்பாவுக்கு ஒரு வாரமா? ரெண்டு ஊர் போதும்

நாகர்கோவிலில் ஐப்பசி மழை பிடிக்கும் நேரத்தில் ஐரோப்பா போகிறவர்கள், ஏழு நாளில் ஐந்து நாடு என்று கிளம்பாதீர்கள். திருவனந்தபுரத்தில் ஏறி, வளைகுடாவில் விமானம் மாறிப் போய்ச் சேரவே ஒரு நாள் ஓடிவிடும். திரும்பவும் அப்படியே. மிச்சம் 5 நாள்தான்.

ஆஸ்திரியாவின் வியன்னாவில் மூன்று, ஹங்கேரியின் புடாபெஸ்டில் இரண்டு என்று வையுங்கள். இடையில் ரயிலில் 3 மணி நேரத்துக்கும் குறைவு. வியன்னாவில் இறங்கி, புடாபெஸ்டில் விமானம் ஏறினால் வந்த வழியே அலைய வேண்டாம். புடாபெஸ்டில் செச்செனி வெந்நீர்க் குளத்தை விட்டுவிடாதீர்கள்; குளிரில் ஆவி பறக்கும். திற்பரப்பில் குளித்து வளர்ந்தவர்களுக்கு அது வேறு சுகம்! வெயில்தான் வேண்டுமென்றால் ஸ்பெயினின் செவில்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ, அந்த நாட்டிடம்தான் செங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் பொதுவான விசா) கேட்க வேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.