குழந்தைகளோடு அனிமேஷன் படமா? 2டி டிக்கெட் எடுங்கள்

விலங்குகள் வரும் அனிமேஷன் படம் ஒன்றின் அடுத்த பாகத்துக்குச் சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் 3டியை விட்டுவிட்டு 2டி காட்சிக்கு டிக்கெட் போடுங்கள். பல தியேட்டர்களில் 3டி கண்ணாடிக்கு ஆளுக்குத் தனிக் கட்டணம். நாலு பேர் என்றால் அதுவே ஒரு பாப்கார்ன் காசு. பெரியவர்கள் அளவுக் கண்ணாடி ஐந்து வயது மூக்கில் நிற்காது, கழற்றினால் திரையில் எல்லாம் இரட்டையாகத் தெரியும். பவர் கண்ணாடி போட்ட பிள்ளைக்கு இன்னும் சிரமம். 3டி கண்ணாடி வெளிச்சத்தையும் குறைப்பதால், அனிமேஷனின் அழகான நிறங்கள் மங்கிவிடும்.

கொஞ்சம் வளர்ந்த பிள்ளை 3டிக்காகவே ஆசைப்பட்டால், சரி, கூட்டிப்போங்கள். தமிழ் டப்பிங் 3டியில் மட்டும் ஓடினாலும் அதையே எடுங்கள். குழந்தைக்கு வசனம் புரிவதுதான் முக்கியம்.