பிரமாதம் என்று சொன்னால் போதாது

ஞாயிறு சாயங்காலம் என் சகலை வீட்டுக்கு வருவார். ஒரு இசைத்தட்டு போடுவேன். முடிந்ததும் "எப்படி சகலை?" என்பேன். "பிரமாதம்" என்பார். சாம்பாருக்கும் அதே பிரமாதம்தான், ஜாஸ் டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸுக்கும் அதேதான். ஒரு வருடம் இப்படியே ஓடிய பிறகு ஒரு விதி வைத்தோம்: பிடித்ததோ பிடிக்கவில்லையோ, அந்த இடத்தில் முள்ளை வைத்துக் காட்ட வேண்டும்.

நீங்களும் செய்து பார்க்க ஏற்ற தட்டு, 1959-இல் வந்த டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. முதல் பக்கத்தின் முதல் உருப்படி 'சோ வாட்'. மொத்தம் மூன்று முறை கேளுங்கள். முதல் முறை சும்மா. இரண்டாம் முறை பால் சேம்பர்ஸின் பேஸை (அடிக்குரலில் ஒலிக்கும் பெரிய தந்திவாத்தியம்) மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இங்கே மெட்டைச் சொல்வதே பேஸ்தான். மற்றவர்கள் இரண்டே ஒலியில் பதில் சொல்கிறார்கள். நாலு எண்ணிக்கை ஒரு கட்டம் என்று விரல் விட்டு எண்ணுங்கள். பதினாறு கட்டம் ஒரே ஸ்வர வரிசை, அடுத்த எட்டு அரை ஸ்வரம் மேலே, பிறகு எட்டு பழைய இடத்தில். இது பிடிபட்டுவிட்டால் "எல்லாம் ஒரே மாதிரி இருக்கே" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாம் முறை டிரம்ஸ். ஒன்றரை நிமிடம் வாக்கில் டேவிஸ் தனியாக எடுக்கும்போது டிரம்ஸ் வாசிக்கும் ஜிம்மி காப் சிம்பலில் (டிரம்ஸோடு இருக்கும் உலோகத் தட்டு) ஒரு அடி அடிப்பார். டிரம்பெட்டுக்கு அடியில் அந்த ஒலி நெடுநேரம் கரையும். "சமையலறையில் தட்டைப் போட்டுட்டாங்க" என்றார் சகலை. எனக்கு அது கதவு திறந்த மாதிரி. அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சண்டை போட்டோம்!

அடுத்தது, எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இதில் நான் சூடு பட்டிருக்கிறேன். என்னிடம் இருப்பது பழைய பதிப்பு. கீபோர்டில் சேர்த்து வாசித்துப் பார்த்தால் முதல் பக்கத்தின் ஸ்ருதி கொஞ்சம் மேலே நின்றது. மோட்டார் வேகமாகச் சுற்றுகிறது என்று வேகத் திருகைக் குறைத்தேன். முதல் பக்கம் சரியானது. இரண்டாம் பக்கம் கீழே இறங்கிவிட்டது. திருகோடு அரை நாள் போயிற்று. உண்மையில் மார்ச் 2 பதிவு அமர்வில் டேப் இயந்திரம் மெதுவாக ஓடியிருக்கிறது, அதனால் அன்று பதிவான முதல் பக்கம் மட்டும் தட்டில் வேகமாக ஒலிக்கிறது. இரண்டாம் பக்கம் ஏப்ரல் 22-இல் பதிவானது, அதில் கோளாறு இல்லை. 1990-களில் வந்த மறுபதிப்புகளில் இதைச் சரிசெய்துவிட்டார்கள். புதுப் பதிப்பு வைத்திருப்பவரிடம் நான் ஸ்ருதி பற்றி வாதாடியிருந்தால் மானம் போயிருக்கும்.

இரண்டு பதிவுகளை ஒப்பிடுவதாக இருந்தால் சத்தத்தைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடினதுதான் எப்போதும் ஜெயிக்கும்.

ஒப்பிட்டுக் கேட்க க்ளென் கூல்டின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' போல வாய்ப்பது அபூர்வம். ஒரு மெட்டும் அதன் முப்பது மாற்று வடிவங்களும் (வேரியேஷன்ஸ்) கொண்ட, பாக் எழுதிய ஒரே படைப்பு. அதே பியானோ கலைஞர் 1955-இலும் 1981-இலும் அதே ஸ்டுடியோவில் பதிவு செய்தார். நியூயார்க் 30-ஆம் தெருவில், முன்பு தேவாலயமாக இருந்த கட்டடம். 'கைண்ட் ஆஃப் ப்ளூ' பிறந்ததும் அங்கேதான். முதல் பதிவு சுமார் 38 நிமிடம், பிந்தையது 51. தொடக்க மெட்டான ஆரியா முன்னதில் இரண்டு நிமிடம்கூட இல்லை, பின்னதில் மூன்றைத் தாண்டும்.

"வயசானதும் நிதானமாயிட்டார்" என்று சகலை தீர்ப்பு சொன்னார். 25-ஆவது வேரியேஷனைப் போட்டேன். அதிலோ தலைகீழ்: இளம் வயதில் வாசித்ததுதான் நீளம். சகலை கொஞ்ச நேரம் பேசவில்லை. மொத்த நிமிடக் கணக்கை வைத்துக் கருத்து சொன்னால் இப்படித்தான் மாட்டிக்கொள்வோம். ஒவ்வொரு வேரியேஷனாகப் பேசுங்கள். முப்பது இருக்கிறது, சண்டைக்குப் பஞ்சமில்லை.

கூல்ட் வாசிக்கும்போது முனகுவார், 1981-இல் அது நன்றாகவே கேட்கும். "ஸ்பீக்கரைக் காட்டுங்க, யாரோ உள்ளே இருக்காங்க" என்று சகலை எழுந்தே போனார். எனக்கு அந்த முனகல் வேண்டும், அவருக்கு வேண்டாம். இந்த வாரமும் அதே ஆரியாவில் முள்ளை வைக்கப் போகிறோம்.