காம்பாக்ட் கேமராவில் பறவை எடுக்கும்போது தவிர்க்க வேண்டியவை

சட்டைப்பையில் அடங்கும் கேமரா போதும். பெங்களூரு அல்சூர் ஏரியில் கூழைக்கடாவையும் கர்நாடகத்தின் ரங்கன்திட்டு பறவைகள் சரணாலயத்தில் பாறைமேல் கிடக்கும் முதலையையும் அதிலேயே நன்றாக எடுக்கலாம். படத்தைப் பெரும்பாலும் கெடுப்பது நம் பழக்கங்கள்தான்.

முதலில் மெனுவுக்குள் போய் டிஜிட்டல் ஜூமை அணைத்துவிடுங்கள். படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குவதைத் தவிர அது வேறொன்றும் செய்வதில்லை. அந்த வேலையை வீட்டுக்கு வந்து கணினியில் செய்துகொள்ளலாம்.

அப்புறம் ஷட்டர் வேகம், அதாவது படம் பதிய ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது. அதிகம் பேர் தவறுவது இங்கேதான். இவ்வகைக் கேமராக்கள் பலவற்றில் வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் ஏறத்தாழ 6 மி.மீ. அகலம்தான். ஜூமை முழுக்க நீட்டினால் அபெர்ச்சரும், அதாவது லென்ஸின் திறப்பும், எஃப் 3.3-லிருந்து எஃப் 6.4 வரை சுருங்கிவிடும் (எஃப் எண் கூடினால் திறப்பு சிறிது). உள்ளே வரும் வெளிச்சம் ஏறத்தாழ கால்பங்காகக் குறையும். ஆட்டோ மோடில் விட்டால் கேமரா ஷட்டரை மெதுவாக்கிவிடும், படம் கலங்கும். ஸ்டெபிலைசேஷன் (அசைவைச் சமன்செய்யும் வசதி) இருக்கிறதே என்று நம்பக் கூடாது. அது கை நடுக்கத்தைத்தான் தாங்கும், பறவை தலையைத் திருப்புவதை நிறுத்தாது. உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500 நொடி, பறப்பதற்கு 1/1000 நொடி என்று ஷட்டர் வேகத்தை நீங்களே வையுங்கள். வெளிச்சத்துக்கான உணர்திறனைக் காட்டும் ஐஎஸ்ஓ 800 வரை ஏறி, படத்தில் புள்ளிகள் விழுந்தாலும் பரவாயில்லை. புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தை ஒன்றும் செய்ய முடியாது.

கையை நீட்டிப் பிடிக்காதீர்கள். முழங்கைகள் விலாவோடு ஒட்டியிருக்கட்டும், கழுத்துப்பட்டி இறுக்கமாக நிற்கட்டும். பந்திப்பூர் காட்டுச் சஃபாரியில் இன்ஜின் ஓடும்போது வண்டிக் கம்பியில் கேமராவைச் சாய்த்தால் அதிர்வு அப்படியே படத்தில் இறங்கும். ஃபிளாஷ் எப்போதும் வேண்டாம். ஃபோகஸ் விளக்கையும் பீப் ஒலியையும் சேர்த்தே அணையுங்கள்.

வெள்ளைப் பறவைகள் தனிக் கதை. கருநீரின் முன் நிற்கும் கொக்கை ஆட்டோவில் எடுத்தால், இருட்டு என்று நினைத்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டும். இறகெல்லாம் சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துப்போகும். எக்ஸ்போஷர் திருத்தத்தை (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை) மைனஸ் 0.7 அல்லது மைனஸ் 1-இல் வையுங்கள். அதே கொக்கு வானத்தில் பறந்தால் கறுத்துவிடும், அப்போது பிளஸ் 1.

பறவையின் கண்வரை நெருங்கியே ஆக வேண்டும் என்ற வெறியையும் விடலாம் என்பேன். மண்டியா மாவட்டத்துக் கொக்கரேபெள்ளூரில் மஞ்சள் மூக்கு நாரைகளும் கூழைக்கடாக்களும் ஊருக்குள் புளியமரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அங்கே ஜூமே இல்லாமல் மரம், கூரை, பறவை மூன்றையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம். சிறிய கேமராவுக்கு இதுதான் பலம். ஆனால் கூட்டுக்கு நேர் கீழே போய் நிற்காதீர்கள், செல்போனில் பறவைக் குரல் போட்டு வரவழைக்காதீர்கள். பெற்ற பறவை எழுந்து போனால் முட்டையும் குஞ்சும் வெயிலிலும் காகத்திடமும் மாட்டிக்கொள்ளும். மேயும் பறவை திடீரென நிறுத்தி உங்களையே பார்த்தாலும் நெருக்கம் அதிகம் என்று அர்த்தம், நாலடி பின்னால் வந்துவிடுங்கள்.