பிரையண்ட் பூங்காவைப் பார்த்துவிட்டு மதுரையில் செடி வைக்கப்போகிறவர்களுக்கு

மே மாதம் கொடைக்கானல் பிரையண்ட் பூங்காவில் நடக்கும் மலர்க் கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் மதுரை வண்டிகளில் பாதிக்கு மேல் பின்சீட்டில் ஒரு ஹைட்ரேஞ்சியாவோ டேலியாவோ உட்கார்ந்திருக்கும். அக்னி நட்சத்திர வெயிலில் அதைக் கொண்டுவந்து மொட்டைமாடியில் வைப்பார்கள், அது கருகும், "எனக்குக் கைராசி இல்லை" என்று அதோடு தோட்டத்தையே விட்டுவிடுவார்கள். கைராசிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. கொடைக்கானல் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, மதுரை 100 மீட்டரில். பகல் வெயிலையாவது நிழல்வலை போட்டுச் சமாளிக்கலாம், ராத்திரிப் புழுக்கத்தை என்ன செய்வீர்கள்? குளிர்ந்த இரவு கிடைத்தால்தான் டேலியா போன்ற செடிகளுக்குப் பூ பெரிதாக வரும்.

அடுத்தது தண்ணீர். அங்கே ஹைட்ரேஞ்சியா நீலமாகப் பூக்கக் காரணம் மலை மண்ணின் புளிப்புத்தன்மை. அந்த மண்ணில் இருந்துதான் அலுமினியம் செடிக்குள் போகும், பூவும் நீலமாகும். நம் ஊரில் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. அதையே ஊற்றிக்கொண்டிருந்தால் தொட்டி விளிம்பில் வெள்ளையாகப் பூத்து நிற்கும், இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரியும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் செடியால் எடுக்க முடியவில்லை என்று அர்த்தம். அந்த நேரத்தில் போய் யூரியா போடாதீர்கள்.

அதனால் பூங்காவுக்குப் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டாயம் போங்கள். 1908-ல் அதை உருவாக்கிய பிரையண்ட் மதுரையில் இருந்த வன அதிகாரிதான், அந்த வகையில் நமக்கும் கொஞ்சம் உரிமை உண்டு! ஏரிக்குப் பக்கத்திலேயே 20 ஏக்கர். ரோஜாத் தோட்டம், 1857-ல் வைத்த யூகலிப்டஸ் மரம், பெரணி வகைகள் இருக்கும் கண்ணாடி மாளிகை எல்லாவற்றையும் நிதானமாகச் சுற்ற அரை நாள் வேண்டும். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் தொல்லையில்லை. சொந்த வண்டி என்றால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், கிளம்புவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கண்காட்சி நாட்களில் பூவைவிடச் செல்ஃபி எடுக்கும் கைகள்தான் அதிகம் தெரியும், எனவே முடிந்தால் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஒரு வார நாளில் போவது நல்லது.

அங்கே போய்ச் செடியை வாங்குவதைவிட வேலையைக் கவனியுங்கள். மே மாதக் கூட்டத்துக்காகப் பல மாதங்களுக்கு முன்பே கட்டம் கட்டமாக நாற்று நடுகிறார்கள், அதனால்தான் ஒரு பாத்தி ஓயும்போது பக்கத்துப் பாத்தி பூக்கிறது. வாடிய பூவை விதை கட்ட விடாமல் கிள்ளிப் போடுகிறார்கள். டேலியா சாய்வதற்கு முன்பே குச்சி ஊன்றிவிடுகிறார்கள். இந்த மூன்று வேலையும் மதுரையில் செண்டுப்பூவுக்கும் அப்படியே பொருந்தும்.

சரி, மதுரையில் எப்போது தொடங்குவது? ஆடியில். சித்திரையில் ஆசை வந்தாலும் அப்போது மண்ணையும் தொட்டியையும் மட்டும் தயார் செய்துகொள்ளுங்கள். செம்மண், மக்கிய தொழு உரம், தேங்காய் நார்க்கழிவு சம அளவு, மேலே ஒரு கைப்பிடி வேப்பம் பிண்ணாக்கு, இவ்வளவு போதும். ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லவில்லை. சுரை, பீர்க்கு, பாகல், வெண்டை, கத்தரி எல்லாம் அப்போது போட்டால் வேர் பிடிக்கும் நேரத்தில் மழையும் சேர்ந்துகொள்ளும். கொடி அவரையை ஆடியில்தான் போட வேண்டும். பகல் நேரம் குறையக் குறையத்தான் அது பூவெடுக்கும், தையில் விதைத்தால் கொடி மட்டும் பந்தல் முழுக்கப் படரும்.

சுரையும் பீர்க்கும் பூத்துப் பூத்துக் கொட்டுகிறது, பிஞ்சு நிற்கவில்லை என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பூவுக்குப் பின்னால் பாருங்கள்: காம்பு மட்டும் இருந்தால் ஆண், குட்டிக் காய் ஒட்டிக்கொண்டிருந்தால் பெண். மூன்றாவது மாடிக்குத் தேனீ ஏறி வருவது சந்தேகம்தான், ஆகையால் ஆண் பூவைப் பறித்து இதழை உரித்துப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவிவிடுங்கள். சுரை, பீர்க்குக்குச் சாயங்காலம், பாகலுக்குக் காலையில். நேரம் மாறினால் பலன் இல்லை.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று ஒருமுறை குச்சி விட்டுப் பாருங்கள். உப்புத் தண்ணீர் குடித்த தொட்டிகளை மழையில் நன்றாக நனைய விடுங்கள், தேங்கிய உப்பு கழுவிக்கொண்டு போகும். இந்தச் சமயத்தில் அழகர்கோயில் பக்கம் போனால் வேலியோரம் செங்காந்தள் கண்ணில் படலாம். பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கிழங்கைத் தோண்டக் கூடாது, அது கொடிய விஷம், குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது. ரோஜாவைக் கவாத்து செய்வதும், அதாவது கிளைகளை வெட்டிவிடுவதும், மழை ஓய்ந்த பிறகுதான். வாங்கும் ரோஜாவைக் காட்டு ரோஜாத் தண்டில் ஒட்டவைத்திருப்பார்கள்; அந்த ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பும் தளிரை அப்பப்போ கிள்ளிவிடாவிட்டால் கீழே இருக்கிற காட்டு ரோஜா மேலேறி, வாங்கிய ரோஜாவை விழுங்கிவிடும்.

பெட்டூனியா மீது ஆசை இருந்தால் கார்த்திகையில் நட்டு மாசி வரை பார்க்கலாம், அதற்குப் பிறகு தாங்காது.

இப்போது மல்லிக்கு வருவோம். 2013-ல் புவிசார் குறியீடு வாங்கிய செடியை விட்டுவிட்டு மதுரையில் வேறு என்ன தோட்டம்? பதியன் கன்றை (கிளையை மண்ணில் பதித்து வேர்விட வைத்தது) ஆனி முதல் கார்த்திகைக்குள் வைக்கலாம், முழு வெயில் வேண்டும். அரை நிழலில் வைத்தால் இலைதான் மிஞ்சும். வளர்ந்த செடியை நவம்பர் கடைசி வாரத்தில் கவாத்து செய்ய வேண்டும். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் தண்ணீரை நிறுத்தி, தரையில் இருந்து 50 செ.மீ. உயரம் விட்டு மேலே இருப்பதை வெட்டி, மிச்ச இலையையும் உருவி, காய்ந்த குச்சி எல்லாம் எடுத்துவிட்டு, அடிமண்ணைக் கொத்தித் தொழு உரம் போட்டு அப்புறம்தான் தண்ணீர் விட வேண்டும். வெட்டிய மறுநாள் செடியைப் பார்த்தால் பாவமாக இருக்கும், வீட்டில் திட்டும் விழும். மார்ச்சில் புதுத் துளிர் முழுக்க மொட்டாக நிற்கும்போது யாரும் திட்ட மாட்டார்கள். மொட்டு ஊதா நிறமாகி உதிர்ந்தால் புழு அரிக்கிறது: பாதித்ததைப் பறித்து அழித்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளியுங்கள். கோடையில் இலைக்கு அடியில் செம்பேன் வரும், அதற்கு அடிப்பக்கமாகத் தண்ணீரைப் பீய்ச்சினாலே பெருமளவு குறையும். மார்கழியில் பூ வரவில்லையே என்று உரத்தைக் கொட்டாதீர்கள், பனிக்கு வரத்து குறைவதால்தான் மாட்டுத்தாவணிப் பூச்சந்தையிலேயே விலை அப்படி ஏறுகிறது.

பங்குனிக்குப் பிறகு புதிதாக எதுவும் நட வேண்டாம். காய்ந்த இலையோ வைக்கோலோ மூடாக்காகப் போட்டு, விடியற்காலையில் ஒரு தண்ணீர். இலை வாடியிருக்கிறதே என்று மதியம் ஊற்றக் கூடாது. சரக்கொன்றை தெருவில் மஞ்சளாகத் தொங்கும் அந்த மாதங்களில் மாடியில் நிறம் வேண்டுமென்றால் காகிதப்பூ, அரளி, டேபிள் ரோஸ் முன்கூட்டியே வைத்துவிடுங்கள். காகிதப்பூவுக்குத் தண்ணீரைக் குறைத்தால்தான் பூ, தினமும் ஊற்றிச் செல்லம் கொடுத்தால் வெறும் முள்ளும் இலையும்தான்.