ரியாக்ட் ஹூக்: வன்னியில் செயலி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செயலித் திரைகளை எழுத உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகமான ரியாக்டைக் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பழகும் மாணவர்கள் இன்று நேராக ஹூக்கில்தான், அதாவது யூஸ்ஸ்டேட், யூஸ்எஃபெக்ட் போன்ற ரியாக்டின் சிறப்பு ஃபங்ஷன்களில்தான், தொடங்குகிறார்கள். 2019 பெப்ரவரியில் 16.8 பதிப்புடன் வந்த இந்த முறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். முந்தைய கிளாஸ் முறையில் தலைவலி தந்த ‘திஸ்’ என்ற குறிச்சொல் இல்லை. ஒரு வேலைக்குரிய நிரல் ஓரிடத்திலேயே இருக்கும். அதைத் தனி ஹூக்காகப் பிரித்துப் பல திரைகளில் பயன்படுத்தலாம். ஆனால் எது எப்போது இயங்கும் என்பதைக் கவனிக்கும் பொறுப்பு எழுதுபவரின் தலையில் விழுகிறது. பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

விவசாயிகளுக்கான ஒரு திரையை எடுத்துக்கொள்வோம். இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம் என்ற பட்டியலில் ஒன்றைத் தொட்டால் அந்தக் குளத்தின் நீர்மட்டம் தெரியவேண்டும். திரை வரையப்பட்ட பின் இயங்கும் யூஸ்எஃபெக்டுக்குள் தரவைக் கேட்டு, வந்ததும் ஸ்டேட்டில், அதாவது திரை நினைவில் வைத்திருக்கும் தரவில், வைக்கிறோம். ஒருவர் இரணைமடுவைத் தொட்டுவிட்டு உடனே முத்தையன்கட்டுக்கு மாறுகிறார். சிக்னல் மெலிந்த இடத்தில் முதலில் கேட்டதற்கான பதில் பிந்தி வந்து சேரலாம். அப்போது தலைப்பில் முத்தையன்கட்டு, கீழே இரணைமடுவின் அளவு! பிழைச்செய்தி எதுவும் வராது. மாரியில் குளத்துக்குக் கீழே வயல் வைத்திருப்பவர் அந்த எண்ணை நம்புவார் என்பதால், இதைச் சின்னத் தவறு என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

யூஸ்எஃபெக்டுக்குள்ளிருந்து நாம் திருப்பியனுப்பும் துப்புரவு ஃபங்ஷனில் பழைய கோரிக்கையை இரத்துச் செய்யுங்கள்; பிரவுசரிலுள்ள அபோர்ட்கொன்ட்ரோலர் அதற்கு உதவும். இரத்தானதால் எழும் பிழையை மட்டும் பயனருக்குத் தோல்வியாகக் காட்டாதீர்கள். வேகமான இணைப்பில் இந்தக் கோளாறு தலைகாட்டாமலே போகலாம். பிரவுசரில் இணைய வேகத்தைக் குறைத்துப் பரிசோதித்த பிறகே செயலியை வெளியிடுங்கள்.

அடுத்தது சார்புப் பட்டியல்: எவை மாறினால் எஃபெக்ட் மீண்டும் இயங்கவேண்டும் என்று நாம் கொடுக்கும் பட்டியல். அதில் குளத்தின் அடையாள எண்ணை விட்டுவிட்டால் குளம் மாறினாலும் தரவு மாறாது. நிரலில் தவறு தேடும் ஈஎஸ்லின்ட் கருவி எச்சரிக்கும்போது அதன் வாயை அடைக்க ஒரு வரி எழுதுவது மிக மோசமான பழக்கம். மாறாக, ஒவ்வொரு ரெண்டரிலும் (ரியாக்ட் திரையை மீண்டும் கணக்கிடும் ஒவ்வொரு முறையும்) புதிதாக உருவாகும் ஒப்ஜெக்டைப் பட்டியலில் வைத்து, உள்ளே ஸ்டேட்டையும் மாற்றினால், கோரிக்கைகள் முடிவில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். தீர்வது பயனர் காசு கொடுத்துப் போட்ட டேட்டா.

இருக்கும் தரவிலிருந்து கணக்கிடக்கூடியதற்கு எஃபெக்டே வேண்டாம். மூன்று குளங்களின் மொத்தக் கொள்ளளவை ரெண்டரின்போதே கூட்டிவிடலாம். கணக்கிட்ட விடையை நினைவில் வைக்கும் யூஸ்மெமோவையும் எல்லா இடத்திலும் தூவாதீர்கள்; மந்தம் எங்கே என்று அளந்துவிட்டுப் போடுங்கள்.

இஃபுக்குள்ளும் லூப்புக்குள்ளும், ஸ்டேட்டை உருவாக்கும் யூஸ்ஸ்டேட்டை அழைக்கக்கூடாது. ரியாக்ட் ஒவ்வொரு ஸ்டேட்டையும் அழைப்பு வரிசையை வைத்தே அடையாளம் காண்கிறது. வரிசை குலைந்தால் எல்லாம் குலையும்.

ரியாக்ட் 18 முதல், ஸ்ட்ரிக்ட்மோட் என்ற சோதனை வசதி உருவாக்கச் சூழலில் எஃபெக்டை ஒருமுறை கூடுதலாக இயக்கிப் பார்க்கிறது. கோரிக்கை இரண்டு முறை போகிறதே என்று பலர் ஸ்ட்ரிக்ட்மோடையே நீக்கிவிடுகிறார்கள். நீக்காதீர்கள். எஃபெக்டில் துப்புரவு விடுபட்டிருந்தால் அது வெளிப்படும் இடம் அதுதான்.