சிறுநீரக நோய் உள்ளவர்கள் தாவர உணவுக்கு மாறத் தொடங்குவது எப்படி?

சமையலில் எதையும் மாற்றுவதற்கு முன், கடைசியாக எடுத்த இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பொட்டாசியம், பாஸ்பரஸ் அளவுகளைப் பாருங்கள். பொட்டாசியம் பொதுவாக லிட்டருக்கு 3.5 முதல் 5.0 மில்லிமோல் வரை இருக்கும். அதைத் தாண்டியவர்களும், பொட்டாசியத்தை உயர்த்தக்கூடிய இரத்த அழுத்த மாத்திரைகளை உட்கொள்பவர்களும் மருத்துவரையோ உணவியல் நிபுணரையோ கேட்ட பிறகே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

இரண்டாவதாக, புரதத்தைக் கணக்கிடுங்கள். நோய் அதன் ஐந்து கட்டங்களில் மூன்றாம் கட்டத்தையோ அதற்கு மேலோ எட்டி, டயாலிசிஸ் தொடங்காத பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பது பன்னாட்டு வழிகாட்டுதல். 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 48 கிராம். டயாலிசிஸின்போது புரதம் இழக்கப்படுவதால், அதைச் செய்துகொள்பவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவைப்படும்.

மூன்றாவதாக, ஒரு வேளை இறைச்சிக்குப் பதில் பருப்போ பயறோ சேர்த்துத் தொடங்குங்கள். பருப்பில் பாஸ்பரஸ் அதிகம் என்று பலர் அஞ்சி ஒதுக்குகிறார்கள். அந்த அச்சத்தில் பாதிதான் உண்மை. தாவரங்களில் அது பெரும்பாலும் ஃபைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு இருக்கிறது. அதைப் பிரிக்கும் நொதி மனிதக் குடலில் மிகக் குறைவு என்பதால், பாதிக்கும் குறைவாகவே உடலில் சேர்கிறது. பொட்டல உணவுகளில் கலக்கப்படும் பாஸ்பேட் உப்புகளோ ஏறக்குறைய முழுவதும் உறிஞ்சப்படுகின்றன. எனவே நான் வற்புறுத்திச் சொல்வது, பொட்டலத்தின் பின்புறம் 'பாஸ்பேட்' என்ற சொல் இருக்கிறதா என்று தேடுங்கள் என்பதே. தாவர இறைச்சி என விற்கப்படுபவற்றிலும் அது இருக்கக்கூடும்.

பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லப்பட்டிருந்தால், உருளைக்கிழங்கு போன்றவற்றைத் தோல் சீவி, சிறு துண்டுகளாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். வெறுமனே ஊறவைப்பதைவிட இது நன்றாகப் பலன் தரும். வேகவைத்த நீரைக் குழம்பிலோ சூப்பிலோ சேர்த்தால், வெளியேற்றிய பொட்டாசியம் மீண்டும் தட்டுக்கே வந்துவிடும். சமைக்கும் உப்புக்கு மாற்றாக விற்கப்படும் 'குறைந்த சோடியம்' உப்புகளில் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு இருப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும். நட்சத்திரப் பழம் சிறுநீரக நோயாளிகளின் நரம்பு மண்டலத்தைத் தாக்கி உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதால், ஒரு துண்டுகூட வேண்டாம்.

விலங்கு உணவை முற்றிலும் விட்டவர்கள் பி12 வைட்டமின் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். அவர் சொல்லும் இடைவெளியில் மறுபரிசோதனை செய்து, முடிவு சீராக இருந்தால் மட்டும் இரண்டாவது வேளையையும் மாற்றுங்கள்.